இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது? புதிதாக கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார் வாங்கிய புதிதில் இந்தக் கேள்வியை மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 5,000 கிலோமீட்டர் என்பார், இன்னொருவர் 10,000 என்பார், மூன்றாமவர் 15,000 வரை தாராளமாக ஓட்டலாம் என்பார். மூவருமே அடித்துச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், மூன்றுமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான கணக்குதான். உங்கள் வண்டிக்கு எது என்பதுதான் தெரிய வேண்டும்.

அவசரமாக விடை வேண்டுபவர்களுக்கு: இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 10,000 முதல் 15,000 கிலோமீட்டர், அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. சில ஐரோப்பியத் தயாரிப்புகளில், அதற்கென்றே உள்ள ஆயிலை ஊற்றினால் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம் வரைகூட அனுமதி உண்டு. 5,000 என்பது மினரல் ஆயில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண ஆயில்) காலத்துக் கணக்கு. மைலில் அளக்கும் நாடுகளில் அதுவே 3,000 மைல் என்று வழங்கியது. ஆயிலும் இன்ஜினும் எவ்வளவோ மாறிவிட்டன. அந்த எண் மட்டும் இன்னும் பலர் வாயில் அப்படியே இருக்கிறது.

ஆனால் 10,000, 15,000 எல்லாம் ஒரு நிபந்தனையோடு வரும் எண்கள். புதியவர்கள் கோட்டை விடுவது அந்த நிபந்தனையில்தான்.

முதலில் மேனுவலில் இரண்டாவது அட்டவணையைத் தேடுங்கள்

வண்டியோடு வந்த ஓனர் மேனுவலை எடுங்கள். தொலைந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். உங்கள் மாடல், வருடம், இன்ஜின் மூன்றும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே பெயரில் ஓடும் காரில் பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் என்று மூன்று இன்ஜின் இருக்கலாம். மூன்றுக்கும் ஆயில் வேறு, இடைவெளி வேறு.

சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது சாதாரண ஓட்டத்துக்கான எண். அதன் கீழேயோ அடுத்த பக்கத்திலோ 'கடினமான சூழ்நிலை' என்ற பொருளில் இன்னொரு பட்டியல் சின்ன எழுத்தில் இருக்கும். அடிக்கடி குறுகிய தூரம் மட்டும் போவது, நெரிசலில் நின்று நின்று போவது, இன்ஜினை அணைக்காமல் நீண்ட நேரம் நிறுத்தி வைப்பது, புழுதிச் சாலை, கடும் வெயில் அல்லது கடுங்குளிர், டிரெய்லர் இழுப்பது, வாடகை வண்டியாக ஓட்டுவது. இவற்றில் ஒன்று பொருந்தினாலும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். பல வண்டிகளில் பாதியாக.

பட்டியலை இன்னொருமுறை படியுங்கள். நகரத்தில் வேலைக்குப் போய்வரும் ஒருவருடைய அன்றாடம் அதில் அப்படியே இருக்கிறது. 'நான் மெதுவாக, பத்திரமாகத்தானே ஓட்டுகிறேன், எனக்கு எதற்குக் கடினமான சூழ்நிலை?' என்று கேட்பவர்கள் உண்டு. மெதுவாகப் போவதுதான் ஆயிலுக்குக் கஷ்டம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கிலோமீட்டரை மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள்

ஆயில் கெடுவது இன்ஜின் ஓடும் நேரத்தால், அது படும் சூட்டால், அதில் வந்து கலக்கும் அழுக்கால். ஓடோமீட்டர் இதில் எதையும் அளப்பதில்லை. சக்கரம் சுற்றியதை மட்டும்தான் எண்ணுகிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஓடும், ஆயில் உழைக்கும், ஓடோமீட்டர் அசையாது.

ஒரு கணக்குப் போடுவோம். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி 10,000 கிலோமீட்டரைத் தொட 200 மணி நேரம் ஆகும். நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அதே 10,000 கிலோமீட்டருக்கு 500 மணி நேரம். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்று. இரண்டாவது வண்டியின் ஆயிலோ இரண்டரை மடங்கு நேரம் உழைத்திருக்கிறது.

இதை உங்கள் வண்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மீட்டர் திரையில் சராசரி வேகம் காட்டும் வசதி இப்போது பெரும்பாலான கார்களில் உண்டு. அதை ரீசெட் செய்துவிட்டு ஒரு மாதம் வழக்கம்போல் ஓட்டுங்கள். எண் 25-க்குக் கீழே நின்றால் உங்களை இரண்டாவது அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் கணக்கு. இது எந்த மேனுவலிலும் எழுதியிருக்கும் எல்லை கிடையாது. ஆனால் 'நான் எந்தப் பக்கம்?' என்று குழம்புவதற்கு இது மேல்.

அடுத்தது குறுகிய தூரம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியே போய்விடும். கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாக நழுவிக் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு வரும். கூடவே எரியாத பெட்ரோலும் கரியும் அமிலத்தன்மையுள்ள வாயுக்களும். இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால் இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென்று உள்ள குழாய் வழியே மறுபடி எரிவதற்குப் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால் போகாது. மீட்டரில் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு. ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதற்குப் பிறகும் பல நிமிடம் பிடிக்கும்.

ஆகவே தினமும் கடைத்தெருவரை போய்வரும், வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடாத கார், நெடுஞ்சாலையில் 15,000 ஓடிய காரைவிட மோசமான ஆயிலை வயிற்றில் வைத்திருக்கலாம். 'ஒரு வருடம்' என்ற வரம்பு அதற்காகத்தான். ஓட்டவே இல்லை, ஆயில் எப்படிக் கெடும் என்று கேட்டு அந்த வரம்பைத் தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நகரத்தில் அதன் இன்ஜின் அணைந்து அணைந்து எரிவதால் ஆயில் சூடாகவே நேரம் கிடைப்பதில்லை. மின்சாரக் காருக்கு இன்ஜின் ஆயிலே கிடையாது, அவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

எந்த ஆயில்?

இங்கே சொந்த யோசனைக்கு இடமில்லை. மேனுவல் இரண்டு விஷயம் சொல்லும்: கிரேடு, தரக்குறி. இரண்டும் பொருந்த வேண்டும்.

கிரேடு என்பது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற எண். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும், 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் சோதிப்பார்கள். பின்னால் இருக்கும் 20, 30, 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. எண் கூடினால் கெட்டி கூடும். 'கெட்டி ஆயில் ஊற்றினால் இன்ஜின் பத்திரம்' என்ற பேச்சைக் கேட்டு 20 கேட்கும் இன்ஜினில் 40 ஊற்ற வேண்டாம். உள்ளே பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி, ஆயில் பம்பு, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு) எல்லாம் அந்த மெல்லிய ஆயிலை மனதில் வைத்துச் செய்தவை. மேனுவலே ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை அனுமதித்திருந்தால் அவற்றுக்குள் தேர்ந்தெடுக்கலாம்.

தரக்குறி என்பது ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 போன்றது. ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம், ஏசிஇஏ என்பது ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கம். ஏபிஐ வரிசையில் எஸ்என் 2010-லும் எஸ்பி 2020-லும் எஸ்க்யூ 2025-லும் வந்தன. பெட்ரோல் வரிசையில் எஸ்-க்குப் பின்னால் வரும் எழுத்து அகரவரிசையில் தள்ளிப்போகப் போகப் புதியது. எஸ்என் கேட்கும் வண்டிக்கு எஸ்பி ஊற்றலாம், தலைகீழாக ஊற்றக் கூடாது. டர்போவும் நேரடி எரிபொருள் பீச்சலும் உள்ள சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு உண்டு. அதைத் தடுக்கும் சோதனை எஸ்பி தரத்தில் இருக்கிறது. டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் அந்தச் சாம்பல் வடிகட்டியை மெல்ல மெல்ல அடைக்கும். அந்த வடிகட்டியின் விலையை விசாரித்தால் ஆயிலில் மிச்சம் பிடிக்கும் ஆசை போய்விடும். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுற்றும் இன்ஜின்களும் சில உண்டு. அவற்றில் பொருந்தாத ஆயிலோ, நாள் கடந்த ஆயிலோ பெல்ட்டை அரித்து, அந்தத் துணுக்குகள் ஆயில் பம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

மினரல், சிந்தெடிக் (ஆலையில் வேதிமுறையில் உருவாக்குவது), இரண்டும் கலந்த செமி சிந்தெடிக் என்ற மூன்றில், சிந்தெடிக் சூட்டையும் குளிரையும் அதிகம் தாங்கும். அதற்காக, சிந்தெடிக் ஊற்றிவிட்டேன் என்று மேனுவல் சொன்ன இடைவெளியை இரட்டிப்பாக்கக் கூடாது. ஆயில் தாங்கினாலும், அதில் சேரும் கரியும் பெட்ரோலும் சிந்தெடிக் என்று பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. ஆயிலில் கலக்கவென்று தனியாக விற்கும் டப்பா மருந்துகள் எதுவும் வேண்டாம். தேவையானதை ஆயில்காரர்கள் உள்ளேயே கலந்துதான் தருகிறார்கள்.

மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்

இத்தனை கணக்கையும்விட அதிகம் இன்ஜின்களைக் காப்பாற்றக்கூடிய வேலை இது. ஐந்து நிமிடம் போதும். அடுத்த சர்வீஸுக்கு நாள் இருக்கிறது என்பதால் ஆயில் போதுமான அளவு இருக்கிறது என்று ஆகிவிடாது. சில இன்ஜின்கள் புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் ஆயில் குடிக்கும்.

சமதளத்தில் நிறுத்துங்கள். ஓட்டிவிட்டு வந்திருந்தால் அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள், மேலே போன ஆயில் கீழே வடியட்டும். பானெட்டைத் திறந்து, வளையமாகப் பிடி வைத்த குச்சியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்துவிட்டு, முழுவதும் உள்ளே செருகி மறுபடி எடுங்கள். முதல் தடவை எடுத்ததில் ஆயில் அங்கங்கே தெறித்திருக்கும், அதை நம்ப வேண்டாம். இரண்டாவது தடவை, கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஆயில் தெரிந்தால் சரி. பல கார்களில் இந்த இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க்கோட்டில் நின்றால் அதே கிரேடு, அதே தர ஆயிலைக் கால் லிட்டர், அரை லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை போகும் இடத்தில் உயவு இருக்காது. டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களும் வந்துவிட்டன. அவற்றில் மீட்டர் திரையில்தான் அளவு பார்க்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயில் கருத்துவிட்டது, உடனே மாற்று என்பார்கள். துணி துவைத்த தண்ணீர் கறுப்பானால் சோப்பு வேலை செய்திருக்கிறது என்றுதானே பொருள்? கரியைப் பிரித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பொருட்கள் ஆயிலில் இருக்கின்றன, அதனால் கருக்கிறது. டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கருத்துவிடும். பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம் (குளிர்நாளில் ஆயில் மூடியின் உட்புறம் மட்டும் லேசாக அப்படித் தெரிந்தால் அது வெறும் ஈரம்). பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ எரிபொருள் கலக்கிறது. கரி வடிகட்டி உள்ள டீசல் கார்களில், வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் சுற்று பாதியில் நின்றால் இப்படி ஆகும். துணியில் தேய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னினால் அது உலோகம். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் ஆயிலை மாற்றுவதோடு விடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மீட்டரில் எரியும் விளக்குகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

ஸ்பேனர் படமோ சர்வீஸ் என்ற எழுத்தோ வந்தால் அது நினைவூட்டல். சில வண்டிகளில் வெறும் கிலோமீட்டர் கணக்கு, சிலவற்றில் இன்ஜின் சுற்றுகளையும் வெப்பத்தையும் ஸ்டார்ட் செய்த தடவைகளையும் வைத்துப் போடும் கணக்கு. பின்னது நம்பத் தகுந்ததுதான், ஆயில் மாற்றியபின் ரீசெட் செய்திருந்தால். மஞ்சளில் எரிந்தால் பெரும்பாலும் ஆயில் அளவு குறைவு. ஓடும்போது சிவப்பில் ஆயில் கேன் எரிந்தால் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், பத்திரமாக ஓரம் கட்டி, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங் தேய்கிறது.

மாற்றும் வேலை

நீங்களே செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். வாரன்டி உள்ள வண்டி என்றால் பில் கையில் இருப்பது நல்லது. எப்படியானாலும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள்.

1. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் எளிதில் வடியும். கொதிக்கும் ஆயில் கையைச் சுட்டுவிடும், அந்த அளவுக்கு வேண்டாம்.

2. வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. உறுதியான தரையில் நிறுத்தி, ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான். இது இல்லையென்றால் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

3. மேலே ஆயில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அடியில் அகலமான பாத்திரம் வைத்து, டிரெயின் போல்ட்டைச் சரியான அளவு ஸ்பேனரால் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றைக் கையால் எடுங்கள், கையுறை அவசியம். முதலில் சீறி வந்து, பிறகு சொட்டுச் சொட்டாக வரும். அவசரப்படாமல் வடிய விடுங்கள்.

4. ஆயில் பில்டரைக் கழற்றுங்கள். பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதுப் பில்டரை மாட்டினால், ஸ்டார்ட் செய்தவுடன் மொத்த ஆயிலும் வெளியே கொட்டும். புது வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் முறுக்கி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று (பில்டரிலோ பெட்டியிலோ எழுதியிருப்பதே இறுதி). காகித வடிகட்டியை மட்டும் மாற்றும் வகை என்றால் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பில்டர் மாற்றியாக வேண்டும். அடைத்துப்போன பில்டரில் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே இன்ஜினுக்கு அனுப்பும்.

5. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மேனுவல் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். அலுமினியச் சம்ப்பில் (ஆயில் தங்கும் அடித்தொட்டி) பலம் காட்டினால் மரை போய்விடும்.

6. மேனுவலில் உள்ள அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 3 முதல் 6 லிட்டருக்குள் பிடிக்கும். மூடியைப் போட்டு, ஒரு நிமிடம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிடுங்கள். சிவப்பு விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அடியில் கசிவு இருக்கக் கூடாது. அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

மெக்கானிக்கிடம் விட்டால் மூன்று விஷயம் போதும். ஆயில் கேன் சீல் உடையாமல் இருப்பதையும் கிரேடையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கழற்றிய பழைய பில்டரைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பாருங்கள். குறைவாக ஊற்றுவதைவிட அதிகமாக ஊற்றிவிடுவது சர்வீஸ் சென்டர்களில் சகஜம் என்பது என் அனுபவம். 'பழசை எடுக்க வேண்டாம், மேலே கொஞ்சம் ஊற்றினால் போதும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவு ஏறும், உள்ளே இருக்கும் அழுக்கு அப்படியேதான் இருக்கும்.

தேதி, ஓடோமீட்டர் எண், ஆயில் பெயர், கிரேடு நான்கையும் ஓரிடத்தில் குறித்து வைத்து, நினைவூட்டலை ரீசெட் செய்யுங்கள். பழைய வண்டி வாங்கி, முந்தைய கணக்கு எதுவும் கிடைக்கவில்லையா? கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் வாங்கியவுடன் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிட்டு, கணக்கை அன்றிலிருந்து தொடங்குங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது; கொஞ்சம் ஆயில் போதும், பெரிய அளவு நிலத்தடி நீரைக் கெடுத்துவிடும். மூடியுள்ள பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி, கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையிலோ சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்க முடியும். பில்டரைக் கவிழ்த்து வைத்து ஓர் இரவு வடியவிட்டு, அதையும் கூடவே கொடுத்துவிடலாம். பெட்ரோல், கூலன்ட் எதையும் அந்தக் கேனில் கலக்காதீர்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள்.